இஷியாமா நிலவும் முரசாகி ஷிகிபுவும்

இயற்கையின் முன் அமர்ந்து எழுத்துக்கான கருவைத் தேடும் எழுத்தாளரைக் காட்டும் ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சுகியோகா யோஷிதோஷி 1889-இல் படைத்த ‘இஷியாமா நிலவு’ என்பதே என் பதில். 1885 முதல் 1892 வரை வெளிவந்த ‘நிலவின் நூறு தோற்றங்கள்’ வரிசையில் இதுவும் ஒன்று.

இதில் இருப்பவர் ‘கெஞ்சியின் கதை’ என்ற ஜப்பானிய நாவலை எழுதிய முரசாகி ஷிகிபு. பேரரசி ஷோஷி புதிய கதை ஒன்றை எழுதித் தருமாறு பணித்தபோது, அவர் பிவா ஏரிக்கு அருகிலுள்ள இஷியாமா கோயிலுக்குச் சென்று வேண்டினார் என்றும், எட்டாம் மாதத்து முழுநிலவு ஏரி நீரில் தோய்ந்திருக்கக் கண்டதும் கதை உள்ளத்தில் ஊற்றெடுத்தது என்றும், தாள் கிடைக்காமல் கோயிலின் பௌத்த மறைநூலான சூத்திரச் சுருளின் பின்புறத்திலேயே எழுதத் தொடங்கினார் என்றும் மரபுக்கதை கூறுகிறது. யோஷிதோஷி அந்த எழுத்தைக் காட்டவில்லை. எழுதுமேசையில் சாய்ந்து வெளியே பார்த்திருக்கும் பொழுதையே காட்டுகிறார். எழுத்து பிறப்பதற்கு முந்தைய அந்தக் காத்திருப்பை வரைவது மிகக் கடினம் என்பதால்தான் இப்படத்தை நான் உயர்வாக மதிக்கிறேன்.

இந்த மரபுக்கதை வரலாறு அன்று என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. முரசாகியின் நாட்குறிப்பு வேறொரு சூழலைக் காட்டுகிறது: 1008-இல் அரண்மனையில் பேரரசியின் மேற்பார்வையில் நாவலைப் படி எடுக்கும் வேலை நடக்கிறது, முரசாகியின் அறையிலிருந்த பிரதியைப் பேரரசியின் தந்தை மிச்சினாகா எடுத்துச் செல்கிறார். பின் இஷியாமா நிலவு எங்கிருந்து வந்தது? நாவலின் ‘சுமா’ அத்தியாயத்தில், தலைநகரை விட்டு விலகிக் கடற்கரையில் வாழும் கதைத்தலைவன் கெஞ்சி, எழும் முழுநிலவைக் கண்டு, இன்று பதினைந்தாம் இரவல்லவா என்று அரண்மனை இசையை எண்ணி ஏங்குகிறான். அந்த வரிகளில் உருகிய வாசகர்கள், பாத்திரம் கண்ட நிலவை ஆசிரியரும் கண்டிருக்க வேண்டும் என்று நம்பிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இப்படத்தை ஒரு நாவலுக்கு வாசகர்கள் தந்த மறுமொழியாகவும் பார்க்கலாம்.

இவ்வகை அச்சோவியத்தில் ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் என நால்வரின் பங்கு உண்டு. வானம் அடர்நீலத்திலிருந்து மெல்ல வெளிறுவது போன்ற சாயலை, அச்சிடுபவர் ஈரமாக்கிய கட்டையின் மீது தூரிகையால் மையை இழைத்து, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக உருவாக்க வேண்டும். பிற்கால அச்சுகளில் இந்த நுட்பம் பெரும்பாலும் சுருங்கிவிடும்; எனவே இயன்றவரை தொடக்ககால அச்சின் தெளிவான படத்தைத் தேடிப் பாருங்கள்.