கார் நிற்கும் வாசலுக்குக் கல் தெரியும் கான்கிரீட் சரிவருமா?

கேள்வி: கோவை புறநகரில் கரிசல் மண் மனையில் வீடு கட்டியிருக்கிறோம். வாசலில் கார் நிறுத்த 12 அடிக்கு 25 அடி இடம். முதலில் போட்ட இன்டர்லாக் கல், சக்கரம் ஏறும் இடத்தில் உள்வாங்கிவிட்டது. இடுக்கெல்லாம் புல். அதை எடுத்துவிட்டு, கூழாங்கல் வெளியே தெரிகிற மாதிரி கான்கிரீட் போட ஆசை. ஆனால் பக்கத்து அபார்ட்மென்ட்டில் போட்ட அதே மாதிரித் தளத்தில் ஒரே வருடத்தில் கல் உதிர்கிறது. எங்கள் மேஸ்திரி, "மேலே கல்லைத் தூவித் தட்டிவிட்டால் போதும், ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்கிறார். நம்பலாமா? மாமியார் வாசலில் செருப்பில்லாமல்தான் நடப்பார். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைவாக இருந்தால் நல்லது.

பதில்: தாராளமாகப் போடலாம், நன்றாக நிலைக்கும். ஆனால் ஒரே நாளில் முடிப்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலையில் கான்கிரீட் கொட்டுவது பாதிதான். மேலே படிந்திருக்கும் சிமென்ட் பாலை எந்த நேரத்தில், எவ்வளவு ஆழத்துக்குக் கழுவி எடுக்கிறோம் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. 300 சதுர அடியையும் ஒரே மூச்சில் கொட்டினால், கழுவுகிற பதம் வரும்போது இரண்டு பேரால் அத்தனை இடத்துக்கும் கை எட்டாது. ஒரு மூலை அழகாக வரும், எதிர்மூலை அதற்குள் இறுகிப்போயிருக்கும்.

பக்கத்து அபார்ட்மென்ட்டில் கல் உதிர்வதற்குக் காரணம் அனேகமாக இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்: கல்லை அளவுக்கு மீறி வெளியே எடுத்திருப்பார்கள், கல்லில் மண் ஒட்டியிருந்திருக்கும், கலவையில் தண்ணீர் கூடியிருக்கும், இல்லையென்றால் கான்கிரீட் இறுக ஆரம்பித்த பிறகு கல்லைத் தூவியிருப்பார்கள். ஈறுக்குள் பல் நிற்பது போலத்தான் கல் சிமென்டுக்குள் நிற்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இருந்தால் கார் திரும்பும்போது டயர் திருகினாலும் அசையாது. பாதி வெளியே வந்துவிட்டால் துடைப்பமே போதும், பெயர்த்துவிடும். உங்கள் மேஸ்திரி சொல்கிற தூவும் முறை தவறான முறை அல்ல. கான்கிரீட் பச்சையாக இருக்கும்போதே ஒரே அடுக்காகத் தூவி, கல் முழுவதும் மூழ்கி மேலே சிமென்ட் பால் மூடும்வரை மணியாஸ் கட்டையால் (மட்டமாகத் தேய்க்கும் மரக்கட்டை) அழுத்தி, அதற்குப் பிறகு கழுவி வெளியே எடுக்க வேண்டும். தட்டிவிட்டு அப்படியே விடுவதுதான் கூடாது. கார் நிற்கும் இடத்துக்கு, கலவையிலேயே கல் இருப்பதுதான் என்னுடைய தேர்வு.

மேலே பார்ப்பதற்கு முன்னால் கீழே பார்ப்போம். இன்டர்லாக் கல் உள்வாங்கியது கல்லின் குற்றமில்லை, கரிசல் மண்ணின் வேலை. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதே மண்ணின் மேல் கான்கிரீட் போட்டால் உள்வாங்குவதற்குப் பதிலாக வெடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். தளத்துக்குக் கீழே ஒன்றரை அடிக்குக் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, கிராவலை ஆறு ஆறு அங்குலமாக நிரப்பி, தண்ணீர் தெளித்து, பிளேட் காம்பாக்டர் என்ற அதிரும் தட்டு இயந்திரம் வைத்துக் குத்தச் சொல்லுங்கள். கையால் குத்தும் திமிசு மட்டும் போதாது. பழைய இன்டர்லாக் கல்லில் உடையாதவற்றைப் பின்பக்கத்துப் பாதைக்கு எடுத்து வையுங்கள். உடைந்தவற்றை இன்னும் சில்லாக்கி இந்த நிரப்பலிலேயே சேர்க்கலாம்.

கான்கிரீட் கனம் 5 அங்குலம் வேண்டும். தண்ணீர் லாரி உள்ளே வரும் என்றால் 6. உங்கள் மண்ணுக்கு 8 எம்எம் கம்பியை 8 அங்குல இடைவெளியில் வலையாகக் கட்டி, மேல்மட்டத்திலிருந்து 2 அங்குலம் கீழே நிற்கும்படி வைப்பது நல்லது. 25 அடி நீளத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகமும் 12 அடிக்கு எட்டேகால் அடி வரும். கம்பி ஒவ்வொரு பாகத்தின் ஓரத்தோடு முடிந்துவிட வேண்டும், அடுத்த பாகத்துக்குள் போகக் கூடாது. முதல் பாகமும் மூன்றாவதும் முதலில், நடுப்பாகம் பிறகு. ஒரு நாளைக்கு ஒரு பாகம்தான். இப்படிப் பிரித்தால் கழுவுவதற்கும் கை எட்டும், விரிசல் விழுந்தாலும் பாகங்களுக்கு நடுவில் உள்ள கோட்டிலேயே விழும். வீட்டுச் சுவரையும் தூணையும் தொடும் இடத்தில் அரை அங்குலத் தெர்மாகோல் துண்டு வைத்துத் தளத்தைத் தனியாக விடுங்கள். பத்து அடிக்கு 2 அங்குலம் என்ற கணக்கில் தெருப்பக்கம் வாட்டம் கொடுங்கள். கல் தெரியும் தளத்தில் தண்ணீர் தேங்கினால் பாசி சீக்கிரம் பிடிக்கும்.

கலவைக்கு வருவோம். கான்கிரீட்டின் பலம் எம்25 என்ற தரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு பாகத்துக்கு ஏறக்குறைய 42 கன அடி கான்கிரீட், எட்டு ஒன்பது மூட்டை சிமென்ட் பிடிக்கும். மூட்டைக்குத் தண்ணீர் 22, 23 லிட்டர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. வேலை ஓடவில்லை என்று சித்தாள் இன்னொரு வாளி ஊற்றினால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் கல் உதிரும்போதுதான் தெரியும். இளக்கம் வேண்டுமென்றால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்கட்டும். மணல், கழுவிய எம்-சாண்ட். பூச்சு வேலைக்கு வரும் பி-சாண்ட் கூடாது.

கல் நெருக்கமாகத் தெரிய வேண்டுமானால் மேல் அடுக்கில் ஒரே அளவுக் கல்லைப் போட்டு, மணலைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, கால் ஜல்லி எல்லாம் கலந்தால் பலம் சரி, பார்வைக்குத் திட்டுத் திட்டாக இருக்கும். நடு அளவுகளை விட்டுவிட்டு இப்படிக் கல்லைப் பொறுக்கும் முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் அமெரிக்கக் கான்கிரீட் கலைஞர் ஜான் ஏர்லி. வாஷிங்டன் நகரத்து மெரிடியன் ஹில் பூங்காவின் சுவர்களிலும் படிகளிலும், நூறு வருடத்துக்கு முன்னால் அவர் போட்ட கூழாங்கல் கான்கிரீட்டை இன்றும் பார்க்கலாம். செலவைக் குறைக்க, கீழே மூன்றரை அங்குலம் சாதாரண ஜல்லிக் கான்கிரீட், மேலே ஒன்றரை அங்குலம் கூழாங்கல் கலவை என்று போடலாம். கீழ் அடுக்கு இறுகுவதற்குள் மேல் அடுக்கு விழுந்துவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒட்டாது.

கல்லை இறக்கியதும் ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். துணி சிவந்தால் கழுவித்தான் போட வேண்டும். தட்டைக் கல்லும் ஊசிக் கல்லும் அதிகமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மார்பிள் சில்லு கண்ணுக்கு அழகு, காருக்கு மெத்து, தேய்ந்துபோகும்.

இப்போது கழுவும் வேலை. அதற்கு முன், இதே கல், இதே சிமென்ட் வைத்து இரண்டடிக்கு இரண்டடி மாதிரி ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். நிறம், நெருக்கம், பதம் வரும் நேரம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

காலை 6 மணிக்குக் கான்கிரீட் கொட்ட ஆரம்பியுங்கள். மட்டப்பலகை இழுத்து, மணியாஸ் போட்டு, கல் எல்லாம் மேல்தோலுக்குக் கீழே போனதும் நிறுத்திவிட வேண்டும். இரும்புக் கரணையால் வழவழவென்று தேய்க்கக் கூடாது. மேலே கசியும் தண்ணீர் மறைந்ததும், சர்ஃபேஸ் ரிடார்டர் என்று கேட்டால் கிடைக்கும் திரவத்தை ஒரே சீராகத் தெளித்து, பாலிதீன் விரித்து மூடுங்கள். மேல்தோல் இறுகாமல் அது பிடித்து நிறுத்தும், அடிக் கான்கிரீட் வழக்கம் போல இறுகும். 12 எம்எம் கல்லுக்கு 3, 4 எம்எம் ஆழத்துக்கு மேல் எடுக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். சில மேஸ்திரிகள் சர்க்கரைத் தண்ணீர் தெளிப்பார்கள். சர்க்கரை சிமென்டை இறுக விடாது என்பது உண்மைதான், ஆனால் ஆழம் கைக்கு அடங்காது. ஓர் இடத்தில் 2 எம்எம், இன்னோர் இடத்தில் அரை அங்குலம் என்று போகும்.

பெரும்பாலும் மறுநாள் காலை பதம் வரும். நல்ல வெயில் காலத்தில் அன்றைக்கே வந்தாலும் வரும், அதனால் மாதிரி போட்ட நாளின் நேரத்தைக் குறித்து வையுங்கள். பதம் பார்ப்பது இப்படி: ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் நைலான் பிரஷ்ஷை மெதுவாக இழுங்கள். சிமென்ட் கரைந்து வந்து, கல் அசையாமல் நின்றால் சரி. ஒரே ஒரு கல் பிரஷ்ஷோடு பெயர்ந்து வந்தாலும் நிறுத்திவிட்டு இன்னும் அரை மணி நேரம் பொறுங்கள். அப்புறம் ஒருவர் ஹோஸில் தண்ணீரை மெல்லப் பாய்ச்ச, இன்னொருவர் பின்னாலேயே தேய்த்துக்கொண்டு போக வேண்டும். பால் போல வரும் தண்ணீர் தெளிகிற இடத்தில் கை நிற்கட்டும். இன்னும் கொஞ்சம் கல் தெரியட்டுமே என்ற ஆசைதான் தளத்தைக் கெடுக்கிறது. கார் கழுவும் பிரஷர் பம்ப் கிட்டவே வரக் கூடாது.

அந்தப் பால் தண்ணீரில் காரம் அதிகம். கையுறையும் பூட்ஸும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சாக்கடையிலோ செடிக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ போகவிடாமல், ஒரு குழி வெட்டிப் பாலிதீன் விரித்துத் தேக்கி, தெளிய விட்டு, வண்டலைக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள். காய்ந்த பிறகு கல்லின் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் ஆசிட் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேண்டாம். கல்லைப் பிடித்திருக்கும் சிமென்டையும் சேர்த்து அது அரிக்கும். மறுநாள் மறுபடியும் பிரஷ் போட்டுத் தண்ணீரில் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும்.

கழுவி முடித்த கையோடு ஈரச் சாக்கு போர்த்தி, 14 நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் நடக்கலாம். காரை 14 நாள் கழித்தும், லாரியை 28 நாள் கழித்தும் ஏற்றுங்கள்.

சுற்றுச்சூழல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கான்கிரீட்டில் கரியமில வாயுவின் பெரும்பங்கு, சிமென்டாக அரைக்கப்படும் சுட்ட கட்டியான கிளிங்கரிலிருந்து வருகிறது. பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல். அந்த அளவுக்குக் கிளிங்கர் குறைகிறது. பலம் கொஞ்சம் மெதுவாக ஏறும், அதனால்தான் 14 நாள் ஈரத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆற்றுப் படுகையில் அள்ளிய கூழாங்கல்லை வாங்காதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். நம் ஊர் கருங்கல் ஜல்லி, நீலகிரி மலையின் அதே சார்னோகைட் வகை கிடைத்தால், நனையும்போது நீலக் கறுப்பாக மின்னும். எனக்குக் கூழாங்கல்லைவிட அதுதான் பிடிக்கும்.

இந்தத் தளத்தில் தண்ணீர் உள்ளே இறங்காது, அதையும் நினைவில் வையுங்கள். 300 சதுர அடியையும் மூடியே ஆக வேண்டுமா? சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளை மட்டும் இரண்டரை அடி அகலத்தில் போட்டு, நடுவில் புல் விட்டால் சிமென்டும் குறையும், சூடும் குறையும். ஆனால் உங்கள் கரிசல் மண்ணில் நடுவில் தண்ணீர் இறங்கி அடிமண் ஊதும் என்பதால், பட்டைகளுக்குக் கீழே மட்டுமல்லாமல் மொத்த அகலத்துக்கும் கிராவல் நிரப்பித்தான் அதைச் செய்ய வேண்டும். முழுத்தளம்தான் என்று முடிவெடுத்தால், வழிந்து வரும் மழைநீரை ஓரத்து வடிகாலில் பிடித்து மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோங்கள்.

மாமியார் செருப்பில்லாமல் நடப்பார் என்பதால் உடைத்த ஜல்லி காலில் குத்தும். கார் நிற்கும் இரண்டு பாகங்களுக்கு ஜல்லி, வாசலை ஒட்டிய பாகத்துக்கு 6 முதல் 10 எம்எம் உருண்டைக் கல், அதுவும் 2 எம்எம் மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கல் மத்தியானத்தில் கொதிக்கும், அங்கே வெளிர் நிறமே நல்லது. இன்னொன்று: கல் தெரியும் தளத்தில் கோலம் நிற்காது. இழை உடையும், மாவு இடுக்கில் போய்விடும். வாசற்படிக்கு முன்னால் நான்கடிக்கு நான்கடி வழவழப்பான கடப்பாக் கல்லோ தேய்த்த சிமென்டோ விட்டுவிடுங்கள். கான்கிரீட் கொட்டும் முன்பே அதற்குச் சட்டம் அடித்துவிட வேண்டும்.

தளத்தைக் காக்க மேலே பூசும் சீலர் கட்டாயமில்லை. போடுவதென்றால் 28 நாள் கழித்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, உள்ளே ஊறும் சிலேன் வகையைப் போடுங்கள். பளபளக்கும் அக்ரிலிக் வகை மழையில் வழுக்கும், இரண்டு மூன்று வருடத்தில் உரியவும் செய்யும். கார் ஆயில் சொட்டினால் அன்றைக்கே மரத்தூள் போட்டு உறிஞ்ச விட்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்துவிடுங்கள்.