புதுசு என்று சொல்லி அனுப்பிய பேட்டரி

கேள்வி: நான் திருநெல்வேலியில் கல்யாண ஃபோட்டோகிராஃபர். சொந்தத் தொழில்தான், லைட் பிடிக்க ஒரு தம்பி மட்டும் கூட வருவான். என் கேமரா கேனான் 6டி மார்க் 2. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால், சென்னையில் உள்ள ஒரு கடையில் வாட்ஸ்அப்பில் பேசி, உபரியாக இரண்டு எல்பி-இ6என் பேட்டரி வாங்கினேன். ‘ரெண்டும் நியூ பீஸ் சார், ஒரிஜினல்’ என்று மெசேஜ் போட்டார்கள். ஜிபேயில் 4,800 ரூபாய் அனுப்பினேன். கூரியரில் வந்த சீட்டில் ‘கேமரா பேட்டரி 2, ரூ.4,800, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று மட்டும் இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு கல்யாணத்தில் முதல் பேட்டரி முக்கால் மணி நேரத்தில் போனது. இரண்டாவது, தாலி கட்டும் நேரத்தில் பொசுக்கென்று அணைந்தது. பேட்டரி மாற்றி நிமிர்வதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. பெண் வீட்டார் 15,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். கேமரா மெனுவில் பார்த்தால் இரண்டு பேட்டரிக்கும் சிவப்புக் கட்டம். கடைக்காரரைக் கூப்பிட்டால், ‘பழசு விலைக்குத்தானே கொடுத்தோம், மூணு வாரம் ஓட்டிட்டு வந்து கேட்டா எப்படி?’ என்கிறார். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? இனி உபரி பேட்டரி புதிதாகத்தான் வாங்க வேண்டுமா, பழையது வாங்கினால் சட்டத்தில் பிடிமானமே கிடையாதா?

பதில்: உங்கள் நண்பர் பாதிதான் சொன்னார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்க்காது. ஆனால் அதே பிரிவின் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கி, தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் வராது. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. அந்த வழக்கைப் போட்ட நிறுவனம் தோற்றதென்னவோ உண்மை. ஆனால் தீர்ப்பில் சொன்ன உதாரணங்கள் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் பயன்படுகின்றன. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். வாங்கி இன்னொருவரை வைத்து ஓட்டுபவர் அல்ல. உதவிக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் பரவாயில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே லைட் பிடிக்கும் தம்பியால் உங்களுக்குக் கேடில்லை. நாலு கேமராமேன்களைச் சம்பளத்துக்கு வைத்து ஸ்டுடியோ நடத்துபவராக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். புகார் மனுவின் முதல் பத்தியிலேயே ‘சுயதொழில், இதுவே என் பிழைப்பு, நானே கேமரா பிடிக்கிறேன்’ என்று எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் போய், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அதைப் பிடித்துக்கொண்ட வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, கடைக்காரர் செய்தது என்ன என்பது. பழைய பொருளையோ, தட்டிக்கொட்டிப் புதுப்பித்த பொருளையோ புதியது என்று பொய்யாகக் காட்டுவது ‘முறையற்ற வணிக நடைமுறை’ என்று சட்டம் சொல்கிறது. இது 2(47) பிரிவில் வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறது. அதே பிரிவில், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் சேர்ந்துள்ளது. பில்லில் கெடு ஏதும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற ரப்பர் ஸ்டாம்ப், குறையுள்ள பொருளுக்குக் கேடயம் ஆகாது. அதைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதால்தான் கடைகள் அந்த ஸ்டாம்ப்பை விடாமல் வைத்திருக்கின்றன.

சரி, நிரூபிப்பது எப்படி? உங்கள் சீட்டு பலவீனமானது. அதில் கம்பெனி பெயர் இல்லை, மாடல் இல்லை, வரிசை எண் இல்லை, புதியதா பழையதா என்ற சொல்லும் இல்லை. நாளைக்குக் கடைக்காரர் ‘நான் கொடுத்த பேட்டரி இதுவே இல்லை’ என்றால், அந்தச் சீட்டு வாயைத் திறக்காது. உங்களைக் காப்பாற்றுவது ‘நியூ பீஸ்’ என்ற அந்த வாட்ஸ்அப் மெசேஜும் ஜிபே ரசீதும்தான். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், ஃபோனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை அச்சிட்டு, 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடு இணைத்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் உரிமையியல் நீதிமன்றம் அளவுக்குக் கறாராக இராது என்றாலும், இருக்கட்டுமே.

கேமராவே ஒரு சாட்சிதான். உங்கள் மெனுவில் ‘பேட்டரி இன்ஃபோ’ என்ற பக்கத்தில் ரீசார்ஜ் பெர்ஃபார்மன்ஸ் மூன்று கட்டமாகத் தெரியும். மூன்றும் பச்சை என்றால் நல்ல நிலை, இரண்டு பச்சை என்றால் கொஞ்சம் தேய்ந்தது, சிவப்பு என்றால் புதிது வாங்கச் சொல்கிறது என்று அர்த்தம். மூன்று வாரத்தில் புது பேட்டரி சிவப்புக்கு இறங்குவது நம்பும்படியாக இல்லை. என்னிடம் இருப்பது நிகான். அதில் பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை எண்ணாகவே காட்டும், அது இன்னும் வசதி. பேட்டரியின் அடியில் உள்ள எண் தெரிகிற மாதிரி ஒரு படம், அதைக் கேமராவுக்குள் போட்டுச் சிவப்புக் கட்டம் தெரிகிற மாதிரி ஒரு படம், இரண்டையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். முடிந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காட்டி, இது அசலா, நிலைமை என்ன என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம். ஆனால் அந்தக் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். 4,800 ரூபாய் விவகாரத்துக்கு நான் அந்த வழியில் போகமாட்டேன்.

‘பழசு விலைக்குத்தானே கொடுத்தோம்’ என்று அவர் சொன்னாரே, அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் வாய்ப்பேச்சாகவே கிடக்கிறது. இன்றைக்கே ஒரு மெசேஜ் போடுங்கள்: ‘நீங்கள் ஃபோனில் சொன்னபடி இவை பழைய பேட்டரி என்றால், புதியது என்று ஏன் எழுதினீர்கள்? பணத்தைத் திருப்பித் தரவும்.’ கோபமோ மிரட்டலோ வேண்டாம். கோபத்தில் அவர் ஒரு வரி பதில் போட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பதிலே போடாவிட்டாலும், நீங்கள் உடனே கேட்டீர்கள் என்பதற்கு அது பதிவு.

இப்போது அந்த 15,000. உங்களுக்கு அதுதான் மனத்தாங்கல் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் நான் பயப்படுவதும் அதற்குத்தான். கேட்கலாம், தவறில்லை. ‘கல்யாண வேலைக்கு’ என்று கடையில் முன்கூட்டியே சொல்லியிருந்தீர்களா என்று முதலில் பாருங்கள். கல்யாண வேலைக்கு என்று தெரிந்தே விற்றார் என்றால்தான் அப்படிப்பட்ட நஷ்டத்தை அவர் தலையில் கட்ட முடியும். அப்புறம், ‘வாங்கிய பேட்டரியை ஒருமுறைகூடச் சோதிக்காமல் முகூர்த்தத்துக்கு எடுத்துப் போனீர்களா?’ என்று ஆணையத் தலைவர் கேட்பார். இதற்குப் பதில் இருக்கிறதா?

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. பெண் வீட்டாருக்கு நீங்கள் சேவை வழங்கியவர். தாலி கட்டும் படம் இல்லை என்று அவர்கள் உங்கள் மீதே சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம். அப்போது, கடைக்கு எதிரான உங்கள் மனுவில் ‘முக்கியமான நேரத்தில் கேமரா நின்றது’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டு எழுதியது அவர்கள் கையில் ஆதாரமாகும். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. முதலில் அவர்களோடு பேசி, 15,000 கழித்ததோடு கணக்கு முடிந்தது, இனி இருதரப்புக்கும் பாக்கியோ புகாரோ இல்லை என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இரண்டு விதத்தில் உதவும்: அவர்கள் வழக்கை அடைக்கும், கடைக்கு எதிராக உங்கள் நஷ்டத்துக்கும் சான்றாகும். அதன் பிறகுதான் மனு.

மனுவுக்கு முன்னால் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். இந்தத் தொகைக்குப் பெரும்பாலான கடைகள் அங்கேயே இறங்கி வரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். நடக்கவில்லை என்றால், கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்; வக்கீல் நானே சொல்கிறேன், இதற்கு வைக்க வேண்டாம். புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம். சட்டப்படி எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் முடிய வேண்டும், நடைமுறையில் இழுக்கும். போலீஸுக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 318-ஆம் பிரிவு, அதாவது மோசடி, வரும். ஆனால் இந்தத் தொகைக்கு ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிடுவார்கள், அலைய வேண்டாம்.

இனி வாங்குவது பற்றி. பழையது வாங்குவது தப்பே இல்லை. பழையது என்று சொல்லி விற்றால், சொன்னபடி இருக்கிறதா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. கடையில் வாங்கினால் நீங்கள் அப்போதும் நுகர்வோர்தான். பில்லில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘எல்பி-இ6என், வரிசை எண் இன்னது, பயன்படுத்தியது, மூன்று பச்சை, 30 நாளில் குறை கண்டால் பணம் திரும்ப.’ எழுத மறுத்தால் வாங்காதீர்கள். முறையான பில் தராமலிருப்பதும் முறையற்ற வணிக நடைமுறைதான். கேமராவை விற்றுவிட்டுப் பேட்டரியைத் தனியாக விற்கும் தனிமனிதரிடம் வாங்குவது வேறு கதை. அவர் வியாபாரி அல்ல என்பதால் நுகர்வோர் ஆணையம் கிடையாது. 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தை வைத்து சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே தரத்துக்கு நீங்களே பொறுப்பு, சொன்ன வர்ணனைக்கு மட்டும் அவர் பொறுப்பு. நேரில் போய், உங்கள் கேமராவில் போட்டு, கட்டத்தைப் பார்த்த பிறகு காசை நீட்டுங்கள். ஆன்லைன் தளங்களில் விற்பவருக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் உண்டு: போலியையோ, விளம்பரத்துக்குப் பொருந்தாததையோ திரும்ப வாங்க மறுக்கக் கூடாது, குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முகூர்த்தத்துக்கு எடுத்துப் போகும் பேட்டரி மட்டும் புதியதாக இருக்கட்டும் என்பது என் கருத்து. வேறு கம்பெனி தயாரிப்பானாலும் சரி, பேட்டரியின் மேல் ‘ஆர்’ என்ற எழுத்தோடு தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை அடித்தால், அது யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். போலி பேட்டரி வாங்கப்போன பலர் கடை வாசலிலேயே இதைப் பார்த்துத் தப்பியிருக்கிறார்கள். அட்டையில் தயாரித்த மாதமும் வருடமும் பாருங்கள். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் வயதாகும். பிரிக்காத பெட்டி என்பதற்காக நாலு வருடச் சரக்கைப் புதுசு விலைக்கு வாங்காதீர்கள்.

கையில் உள்ள இரண்டு பேட்டரியையும் எழுத்தில் ரசீது வாங்காமல் கடைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்பினால் உங்கள் ஆதாரமும் கூடவே போய்விடும். உள்ளே என்ன செல் என்று பார்க்க உறையைக் கிழிக்கவும் வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டித் தனித்தனியாக வையுங்கள். உப்பியிருந்தால் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வைக்காமல் ஒதுக்குப்புறமாக வையுங்கள். வழக்கு முடிந்த பிறகும் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் தனியாகப் பிரித்துச் சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும்.