ஜெபிக்க வார்த்தை வராதபோது

வேலை போன பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை, விசுவாசம் செத்துவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள், சகோதரரே. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். தீர்க்கதரிசி எலியா, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டுவிட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவே இல்லை, எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் முறையும் சாப்பாடுதான். கர்த்தர் கேள்வி கேட்டதெல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகு.

அதனால் முதலில் தூங்குங்கள். அப்புறம், சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 88-ஐ வாய்விட்டு வாசியுங்கள். அந்தப் புலம்பல் ஜெபமே இருளில்தான் முடிகிறது. அதுவும் முடியாத நாளில் சும்மா உட்கார்ந்திருங்கள், எப்படி ஜெபிப்பதென்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார் என்று சொல்லும் ரோமர் 8:26 அதற்காகத்தான். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள்.