லேபிளில் ‘தென்னாற்காடு’, மேப்பில் எந்த ஊர்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கரும்பின் செவ்வழுகல் நோய்ப் பூஞ்சையில் பிஎச்.டி. முடித்து எட்டு மாதம் ஆகிறது. லேப் வசதி இனிமேல் கிடைக்குமா தெரியவில்லை, கையில் ஒரு லேப்டாப்தான் இருக்கிறது. டிஜிட்டல் டேட்டாவை மட்டும் வைத்துத் தாவரம், பூஞ்சை பற்றி ஆய்வு செய்ய இளம் ஆய்வாளர்களுக்கு ஃபெல்லோஷிப் தருகிறார்களாம். நான் விண்ணப்பிக்கலாமா? ப்ரபோசலில் என்ன எழுதுவது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். லேப் இல்லையே என்ற கவலையை முதலில் இறக்கி வையுங்கள். உங்களிடம் என்ன கேள்வி இருக்கிறது என்றுதான் இந்த வகை ஃபெல்லோஷிப்பில் பார்ப்பார்கள்.

டேட்டாவுக்குப் பஞ்சமே இல்லை. லண்டன் கியூ தோட்டத்தில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட உலர்ந்த செடி மாதிரிகளும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை மாதிரிகளும் இருக்கின்றன, சில வருடங்களாக அவற்றைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றும் வேலை பெரிய அளவில் நடக்கிறது. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதற்கு முன்பே செடி ஒட்டிய பல லட்சம் தாள்களை ஏற்றிவிட்டது, அதில் 19-ஆம் நூற்றாண்டில் நம் புதுச்சேரியில் இருந்த லெஷெனோ, பெரோத்தே போன்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர்கள் சேகரித்த செடிகளும் உண்டு. ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்தில் 200 கோடிக்கும் அதிகமான பதிவுகள், காசு கட்டாமல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்குக் கிடைப்பதேதான் ஜெர்மனியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கிடைக்கிறது, கணக்குப் போடும் மென்பொருளும் அவரிடம் இருக்கிறது, அப்புறம் எதற்கு உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இதற்குப் பதில் இருந்தால்தான் ப்ரபோசல் நிற்கும்.

அந்தப் பதில் பெரும்பாலும், எங்கே, எப்போது பறித்தது என்று மாதிரியோடு ஒட்டியிருக்கும் லேபிளில் கிடக்கிறது. பழைய மாதிரி ஒன்றில் ‘தென்னாற்காடு’ என்று மட்டும் எழுதியிருக்கும். 1993-இல் பிரிப்பதற்கு முன் அந்த மாவட்டம் கடலூர்க் கடற்கரையில் தொடங்கி செஞ்சிப் பாறைகளைத் தாண்டி கல்வராயன் மலை வரைக்கும் போனது. கம்ப்யூட்டர் என்ன செய்யும்? மாவட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடும். மலையில் பறித்த செடிக்குச் சமவெளியின் வெயிலும் மழையும் ஒட்டிக்கொள்ளும், அதை வைத்து ‘2050-இல் இந்தச் செடி எங்கே இருக்கும்’ என்று மேப் போட்டால் அந்த மேப்பை எப்படி நம்புவது? ‘புதுச்சேரி’ இன்னும் மோசம். மாஹே இருப்பது கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவுக்குள், காரைக்கால் தெற்கே, புதுச்சேரி நகரத்தையும் சேர்த்து நாலுக்கும் பதிவேட்டில் ஒரே யூனியன் பிரதேசத்தின் பெயர். நம் ஊர்க்காரருக்குச் சட்டென்று உறைப்பது வெளியூர்க்காரருக்கு உறைப்பதில்லை. போர்ட்டோ நோவோ என்றால் பரங்கிப்பேட்டை என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், புதுப்பேட்டை என்று எழுதியிருந்தால் ‘எந்தப் புதுப்பேட்டை?’ என்று கேட்கத் தோன்றும். நான் முதன்முதலில் ஒரு மரத்துக்குப் பரவல் மேப் போட்டபோது மூன்று புள்ளிகள் வங்காள விரிகுடாவில் விழுந்தன. அவற்றை நீக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். நீக்கியிருக்கக் கூடாது, அந்த மூன்று லேபிளையும் எடுத்துப் படித்திருக்க வேண்டும், அது இன்றும் மனதை உறுத்துகிறது.

சரி, உங்கள் செவ்வழுகலுக்கு வருவோம். உங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு கோசி 671 ரகம் நினைவிருக்கும், கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வந்தது, நல்ல சர்க்கரைச் சத்து, ஆனால் செவ்வழுகலுக்குத் தாங்கவில்லை. ஒரு ரகம் வயலுக்கு வந்து பரவுகிறது, பூஞ்சை அதற்கேற்ப மாறுகிறது, ரகம் விழுகிறது, அடுத்த ரகம் வருகிறது. இந்தப் பூஞ்சைக்கு வெண்ட் என்பவர் ஜாவாவில் பெயர் வைத்தது 1893-இல். அன்றிலிருந்து சேர்ந்த உலர்ந்த மாதிரிகளின் பதிவுகள், ஜீன்பேங்க் என்ற பொதுத் தளத்தில் உள்ள டிஎன்ஏ வரிசைகள், ரகங்கள் வெளியான ஆண்டுகள், வானிலைத் துறையின் மழைக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே காலக்கோட்டில் வைத்துப் பார்த்தால் எந்தச் சூழலில் நோய் வெடிக்கிறது என்று கேட்க முடியும். கரும்புக்காட்டு வரப்பில் நடந்து, தண்டைப் பிளந்து, அந்தச் சிவப்பையும் நடுவில் வரும் வெள்ளைத் திட்டையும் கண்ணால் பார்த்தவர் நீங்கள். ப்ரபோசலின் முதல் பத்தியிலேயே அது தெரியட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுங்கள், பூஞ்சை டேட்டாவில் ஓட்டை அதிகம். கியூ 2023-இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சுமார் 25 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம், பெயர் வைத்தது சுமார் 1.55 லட்சம்தான். பொதுத் தளங்களில் உள்ள டிஎன்ஏ வரிசைகளிலும் தப்பான பெயரோடு கிடப்பவை உண்டு. மேப்பில் நம் மாவட்டம் வெறுமையாக இருந்தால் பூஞ்சை இல்லை என்று பொருள் இல்லை, ஐப்பசி மழைக்குப் பின் யாரும் தேடிப் போகவில்லை, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பீர்கள் என்று அரைப் பக்கம் எழுதினாலே படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

எங்கே விண்ணப்பிப்பது என்றால், இந்தியாவில் நேஷனல் போஸ்ட் டாக்டரல் ஃபெல்லோஷிப் 2 வருடம், வயது வரம்பு 35, பெண்களுக்கு 5 வருடத் தளர்வு உண்டு, பிஎச்.டி. கைடையே மென்டராக, அதாவது வழிகாட்டும் விஞ்ஞானியாக, காட்ட முடியாது. ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு பிஎச்.டி. முடித்து 8 வருடம் தாண்டியிருக்கக் கூடாது, போகப்போகும் நாட்டில் கடைசி 3 வருடத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கவும் கூடாது. இரண்டிலும் விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் ஒருமுறை சரிபாருங்கள். மென்டருக்குக் கடைசி வாரத்தில் மெயில் போடாதீர்கள், நாலு மாதம் முன்பே, ஒரு பக்கத்தில், உங்கள் கேள்வியை எழுதி அனுப்புங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. டிஜிட்டல் வேலைதானே என்று நினைத்து மாதிரியையோ வளர்த்த பூஞ்சைக் கல்ச்சரையோ வெளிநாட்டுக்குத் தபாலில் போட்டுவிடாதீர்கள், 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது, சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் அனுப்ப வேண்டும்.

கேள்வி: ஐயா, என் மகள் தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். ஃபெல்லோஷிப், டேட்டா என்று ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இது ஒரு உத்தியோகமா? சம்பளம் வருமா?
– முந்திரி விவசாயி, பண்ருட்டி

பதில்: நிரந்தர உத்தியோகம் இல்லைங்க ஐயா, அதை ஒளிக்கக் கூடாது. இரண்டு, மூன்று வருட வேலை, ஆனால் வேலைதான். பிஎச்.டி. முடித்தவருக்கு மத்திய அரசுத் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட் முதல் நிலைக்கு 2023 முதல் மாதம் 58,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பணம் சில நேரம் தாமதமாக வரும், அந்த மாதங்களில் வீட்டில் முகம் சுளிக்காமல் இருந்தால் அதுவே அவருக்குப் பெரிய உதவி. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தோப்பில் எந்த வருடம் பூ முந்தியது, எந்த வருடம் மழை கெடுத்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிற கணக்கு எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை, அதை அவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: எம்.எஸ்சி. தாவரவியல் முதல் வருடம். கம்ப்யூட்டர் மொழிகளில் ஆர் (R) படிப்பதா, பைத்தானா?
– மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஆர். செடிகளின் பரவலை ஆராய்கிறவர்கள் நிறையப் பேர் அதில்தான் எழுதுகிறார்கள், மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் கிடைக்கும். மேப்புக்கு கியூஜிஐஎஸ் மென்பொருள், இலவசம். பாடம் முழுக்க முடித்துவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்காமல் ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வீரையோ காயாவோ, நம் கரையோர வறண்ட பசுமைமாறாக் காட்டு மரம் எதுவானாலும் சரி. ஜிபிஐஎஃப்பில் அதன் பதிவுகளை இறக்கி, ஒவ்வொரு புள்ளியும் சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் கோயில் காடுகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மரத்தையே பாருங்கள். சந்தேகம் வந்தால் 1955 முதல் உங்கள் ஊரிலேயே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, 25,000-க்கும் மேற்பட்ட தாவர மாதிரிகளோடு. போவதற்கு முன் மெயில் போட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் கண்ட மரத்தின் இலை, பூ, காய்ப் படங்களையும் கொண்டு போங்கள்.