30 நாளாகியும் இதயச் செல்கள் வட்டமாகவே இருப்பது பற்றி

ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இதயத்தசைச் செல்கள் 30ஆவது நாளிலும் வட்டமாக இருக்கின்றன, தானாகத் துடிக்கின்றன, செல்லைச் சுருங்கவைக்கும் அலகுகளான சார்கோமியர்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன, வளர்ப்பு வீணாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகவில்லை. ஒரு மாதச் செல் கருவின் இதயச் செல் போலத்தான் இருக்கும். முதிர்ந்த கீழறைச் செல் தூண்டினால்தான் சுருங்கும். உங்களுடையதில், செல்லை ஓய்வுநிலையில் நிறுத்திவைக்கும் ஐகே1 என்ற பொட்டாசிய மின்னோட்டம் குறைவு, அதனால் தானே துடிக்கிறது.

உடலிலேயே இது மெதுவான வேலை. செல் நீண்டு, செல்சவ்வு உள்நோக்கி மடிந்த டி-குழாய்கள் உருவாகி, செல்களை மின்முறையில் இணைக்கும் புரதமான கனெக்சின் 43 செல்முனைகளில் போய்ச் சேர, குழந்தை பிறந்த பிறகும் ஆண்டுகள் ஆகும்.

முதலில் செல்கள் வளரும் ஊட்டத் திரவமான ஊடகத்தை மாற்றுங்கள். நிறைய குளுக்கோஸ் கொடுத்தால் செல் கருநிலையிலேயே தங்கிவிடும். குளுக்கோஸைக் குறைத்து, கொழுப்பு அமிலங்களோடு டி3 என்ற தைராய்டு ஹார்மோனும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேருங்கள். சார்கோமியர் வரிசைக்கு, கோடு கோடாகப் புரதம் பூசிய மென்மையான பரப்பு நல்லது. வெறும் பிளாஸ்டிக் தட்டு மிகக் கடினம்.

அப்புறம் மின்தூண்டல். 2018இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, துடிப்பு தொடங்கியதுமே, 12ஆம் நாள் செல்களில் திசு அமைத்து, தூண்டலைப் படிப்படியாகக் கூட்டியது. நான்கு வாரத்தில் டி-குழாய்களே தெரிந்தன. 28ஆம் நாள் செல்கள் அவ்வளவு இணங்கவில்லை. ஆகவே அடுத்த தொகுதியில் சீக்கிரமே தொடங்குங்கள், தயவுசெய்து இந்தத் தொகுதியையும் எறியாதீர்கள்.