ரீஸ்லிங் திராட்சைக் கொடிகளில் அடிச்சாம்பல் நோய்: செம்பு மருந்து தெளிக்கலாமா?

குதிரைவால் செடிக் கஷாயம் மட்டும் தெளித்துவந்த உங்கள் குடும்பத் தோட்டத்தில் இலைகளில் எண்ணெய் பட்டதுபோன்ற புள்ளிகள் தோன்றியிருப்பதாகவும், செம்பைத் தொட்டால் பயோடைனமிக் (ஒருவகை இயற்கை வேளாண்மை) சான்று போய்விடுமோ எனத் தந்தையார் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். செம்புக்குத் தடை இல்லை. அளவுக்குத்தான் வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு என்பது பொதுவிதி. பயோடைனமிக் சான்று வழங்கும் டிமீட்டர் அமைப்பின் விதி அதனினும் கடுமையானது என்பதால், தெளிக்குமுன் உங்கள் சான்றளிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆனால் செம்பு காக்குமே தவிர, இலைக்குள் நுழைந்துவிட்ட நோய்க்கிருமியைக் குணப்படுத்தாது. ஆகவே போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த செம்பு மருந்து) மழைக்கு முன்பே இலையின் அடிப்புறத்திலும் படிந்திருக்க வேண்டும். கனமழை கழுவிவிட்டாலோ புதிய தளிர்கள் விரிந்தாலோ, மண்ணில் சேரும் செம்பு மண்புழுக்களுக்குக் கேடு என்பதால் சிறிய அளவிலேயே மீண்டும் தெளியுங்கள். மருந்தைவிட முக்கியமானது காற்றோட்டம் என்பது என் உறுதியான கருத்து: காலை வெயில் படும் பக்கத்தில் குலைகளைச் சுற்றியுள்ள இலைகளை இந்த வாரமே கிள்ளிவிடுங்கள்.