300-க்குப் பணம், 94-க்கு நெட்

இந்த வாரக் கடிதங்களில் பாதி ஒரே புலம்பல்: வைஃபையில் அல்ல, கம்பியில் மாட்டியும் நெட் நகரவில்லை. கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் பிளான். லேன் கேபிள் மாட்டிய கணினியில் எப்போது ஸ்பீட் டெஸ்ட் போட்டாலும் 93, 94தான். கம்பெனியில் கேட்டால் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அவர்கள் சொல்வது அநேகமாக உண்மை. 100 எம்பிபிஎஸ் லேன் இணைப்பில் டேட்டாவோடு சேர்ந்து போகும் முகவரி, சரிபார்ப்பு எல்லாம் போகக் கைக்கு மிஞ்சுவது 94தான். அப்படியென்றால் உங்கள் வீட்டுக்குள் எங்கோ ஓரிடம் 100-க்கு இறங்கியிருக்கிறது.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100-க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-ல் ஒன்று விட்டுப்போனாலும் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் கேபிள் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போய் 'லிங்க் ஸ்பீட்' வரியைப் பாருங்கள். 100/100 என்றிருந்தால் முதலில் கடையில் கிடைக்கும் ஒரு மீட்டர் ரெடிமேட் கேபிளால் கணினியை ரூட்டரோடு நேராக இணையுங்கள். 1000 ஆகிவிட்டால் பழைய கேபிள்தான் குற்றவாளி. ஆகாவிட்டால் ரூட்டரின் அடுத்த போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். லிங்க் 1000 காட்டியும் டெஸ்ட் 94-ல் நின்றால், ஃபைபர் மோடத்துக்கும் ரூட்டருக்கும் நடுவில் போகும் கேபிளை மாற்றுங்கள். சில மோடங்களில் ஒரு போர்ட் மட்டும் 1000, மற்றவை 100, அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் கொடுப்பதாகச் சொன்னார்கள். படம் இறக்கினால் 12தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா? (கரூர் வாசகர்)

பதில்: இல்லை. பிளானில் இருப்பது மெகாபிட், திரையில் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுத்தால் 12.5. உங்களுக்கு வரவேண்டியது முழுதாக வருகிறது.

கேள்வி: 100-லிருந்து 200, 200-லிருந்து 500 என்று ஒரே வருடத்தில் இரண்டு முறை பிளானை உயர்த்திவிட்டேன். வேகம் துளியும் மாறவில்லை. ரூட்டர் நல்லதுதான், பெட்டியில் 1200 என்று போட்டிருக்கிறது. (கோவை வாசகர்)

பதில்: முதல் முறை மாறாதபோதே நின்று யோசித்திருக்க வேண்டும். அந்த 1200 வைஃபையின் கணக்கு: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே தள்ளிய எண். கம்பி போர்ட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதே 1200 போட்ட ரூட்டர்களில் 10/100 போர்ட் வைத்தவையும் உண்டு, கிகாபிட் (அதாவது 1000) போர்ட் வைத்தவையும் உண்டு. புது ரூட்டர் வாங்கும்போது பெட்டியின் பின்பக்கம் '10/100' என்றிருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். '10/100/1000' என்றிருக்க வேண்டும், அதுவும் வான் (WAN, வெளியிலிருந்து நெட் வரும் போர்ட்), லேன் இரண்டுக்கும். ரூட்டரை மாற்றும்வரை 100 பிளானுக்கே திரும்புங்கள், இன்றைக்கே.

கேள்வி: கடையில் 'கேட்-6' என்று சொல்லி 40 மீட்டர் கேபிள் கொடுத்தார்கள். மாடிக்கு இழுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, இணைப்பு விட்டு விட்டு வருகிறது. நெட் ஆள் வந்து "கேபிள் டூப்ளிகேட்" என்கிறார். பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? (திருப்பூர் வாசகி)

பதில்: உங்கள் மேல் தவறில்லை. வெளிப்பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் விற்கிறார்கள். எனக்குத் தீராத கோபம் உள்ள விஷயம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களிடம் வந்தது பெரும்பாலும் சி.சி.ஏ., அதாவது அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய தாமிரப் பூச்சு. கேட்-5இ, கேட்-6 தரங்கள் முழுத் தாமிரத்தைத்தான் ஏற்கின்றன. சி.சி.ஏ. கம்பிக்குக் கேட்-6 என்று பெயரிடுவதே பொய். அலுமினியத்தின் மின்தடை தாமிரத்தைவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம். இரண்டு, மூன்று முறை வளைத்தால் முறியும். கிளிப்பின் (கேபிள் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் பிளக்) உலோகப் பல் கடித்த இடத்தில் பூச்சு கிழிந்து, அலுமினியம் காற்றுப் பட்டு ஆக்சைடு படியும். போட்ட அன்று ஓடிய கேபிள் ஆறு மாதத்தில் விட்டு விட்டு வருவது இதனால்தான். இதே கேபிளில் கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் சூடேறும், அது ஆபத்து.

சோதனை சுலபம். நுனியில் ஒரு கம்பியை உரித்து பிளேடால் நன்றாகச் சுரண்டுங்கள். செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தால் அலுமினியம். முழுப் பெட்டியாக வாங்குபவர்கள் தூக்கிப் பாருங்கள். 23 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) கம்பியில் 305 மீட்டர் பெட்டிக்குத் தாமிரம் மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வரும். சி.சி.ஏ. என்றால் இரண்டு கிலோ சொச்சம். பில்லில் 'முழுத் தாமிரம்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

'கேட்-8' என்று அச்சடித்த தட்டைக் கேபிள்களும் இதே ரகம்தான். ஒன்றை வாங்கிப் பணத்தை இழந்திருக்கிறேன், உள்ளே தலைமுடி கனத்தில் கம்பி. உங்கள் கேபிளைப் பில்லோடு கடைக்குக் கொண்டுபோய்ச் சுரண்டிக் காட்டி, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.

கேள்வி: நானே கிளிப் அடித்தேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது, ஆனாலும் வேகம் இல்லை. (சேலம் வாசகர்)

பதில்: நிறத்தை இரண்டு முனையிலும் ஒரே மாதிரி, ஆனால் உங்கள் இஷ்டப்படி அடுக்கியிருப்பீர்கள். அந்த மலிவு டெஸ்டர் கம்பி போய்ச் சேர்கிறதா என்று மட்டும் பார்க்கும், ஜோடி பிரிந்ததைக் காட்டாது. 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் இருந்தாக வேண்டும். வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளி உறை கிளிப்புக்குள் நுழைந்து, அடிப்பக்கப் பிளாஸ்டிக் ஆப்பு உறையை அழுத்திப் பிடிக்க வேண்டும். எட்டுக் கம்பிகள் வெளியே நிர்வாணமாகத் தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி அடியுங்கள்.

கேள்வி: டிவியில் லேன் போட்டால் 94, வைஃபையில் 200. டிவியை மாற்றவா? (தாம்பரம் வாசகி)

பதில்: வேண்டாம். பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட்டே 100தான். 4கே படத்துக்கு 25 இருந்தாலே தாராளம்.

கேள்வி: எல்லாம் கிகாபிட். லிங்க் 1000 காட்டுகிறது. 300 பிளானில் 170-க்கு மேல் ஏறவில்லை. (மதுரை வாசகர்)

பதில்: ரூட்டருக்குள் கியூஓஎஸ் (எந்த வேலைக்கு முன்னுரிமை என்று பிரிக்கும் வசதி), டிராஃபிக் மானிட்டர், குழந்தைகள் கட்டுப்பாடு ஏதாவது ஓடுகிறதா? அவற்றைப் போட்டால் பல ரூட்டர்களில் வன்பொருள் முடுக்கம் (டேட்டாவை வேகமாகக் கடத்தும் தனிச் சுற்று) அணைந்து, எல்லாச் சுமையும் சின்னப் பிராசசர் தலையில் விழும். யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகும் பிபிபிஓஇ இணைப்பென்றால் சுமை இன்னும் கூடும். எல்லாவற்றையும் அணைத்து, விபிஎன்னையும் நிறுத்திவிட்டு டெஸ்ட் போடுங்கள். யுஎஸ்பி-லேன் அடாப்டர் வழியாக மாட்டியிருந்தால் அது யுஎஸ்பி 3.0-தானா, செருகிய போர்ட்டும் 3.0-தானா என்று பாருங்கள்.

கேள்வி: நான் ஓய்வூதியதாரர். 200 எம்பிபிஎஸ் என்று சொல்லி ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். காலையில் நன்றாக ஓடுகிறது, இரவு எட்டு மணிக்கு மேல் 15 வருகிறது. கேட்டால் புது ரூட்டர் வாங்கச் சொல்கிறார்கள். (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஐயா, ரூட்டர் வாங்காதீர்கள். ரூட்டருக்குக் காலை, இரவு தெரியாது. காலையில் 200 தரும் அதே கம்பியில் இரவு 15 என்றால் நெரிசல் அவர்கள் பக்கம். ஒரு ஃபைபர் போர்ட்டின் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பங்குபோடுவது வழக்கம்தான். அதற்கு மேலே போகும் மொத்த லைனைக் குறைவாக எடுத்துவைத்தால் எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் இப்படி ஆகும்.

முதலில் மாதக் கணக்கைப் பாருங்கள். பல 'அன்லிமிடெட்' பிளான்களில் 3,300 ஜிபிக்கு மேல் வேகம் குறைப்பார்கள். அதைத் தாண்டியிருந்தால் காலையிலும் சேர்த்துத்தான் குறைந்திருக்கும், ஆகவே உங்களுக்கு அது காரணமாக இருக்காது. பிறகு ரூட்டரைக் கழற்றிவிட்டுக் கணினியை மோடத்தில் நேராக மாட்டி, ஐந்து நாள், காலை 6-க்கும் இரவு 9-க்கும் டெஸ்ட் எடுத்து, தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள்.

பில்லில் பெயருள்ள நிறுவனத்தில் புகார் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். சரியாகவில்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிக் காத்திருக்காதீர்கள், தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கு அங்கே செல்லாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரசீது தரவில்லையென்றால் வங்கிக் கணக்கில் பணம் போன வரியை இன்றே அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது வீடு கட்டுகிறோம். லேன் வயரைக் கரண்ட் பைப்பிலேயே இழுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். (நாகர்கோவில் வாசகி)

பதில்: கூடவே கூடாது. 230 வோல்ட் கம்பியோடு ஒரே பைப்பில் போனால் இரைச்சலும் வரும், உறை தேய்ந்தால் உயிருக்கும் ஆபத்து. தனியாக ஒரு இன்ச் பைப் போடச் சொல்லுங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு கேபிள். வளைவுகளில் எல்போ வேண்டாம், நீண்ட பெண்டு போடட்டும். பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு கேபிளிலும் லிங்க் 1000 காட்டுகிறதா என்று லேப்டாப்பை மாட்டிப் பாருங்கள்.